பாரசிட்டமால் அட்டையோடு திருப்பி அனுப்பப்படும் நோய்

இரவு எட்டரை மணி. திருப்பூரில் பனியன் கம்பெனிகள் விடும் நேரம். மருந்துக் கடை முன்னால் நிற்கும் கூட்டத்தில் ஒரு பெண் துப்பட்டாவை நெற்றியைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருக்கிறார். கடையின் வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கையால் கண்ணை மறைத்துக்கொள்கிறார். முறை வந்தபோது மாத்திரையின் பெயரைக்கூடச் சொல்லவில்லை.

“அண்ணா, அதே மாத்திரைங்ணா. ரெண்டு அட்டை.”

“போன வாரந்தானுங்க அக்கா வாங்கிட்டுப் போனீங்க?”

“தீந்துபோச்சுங்ணா. மத்தியானத்துல இருந்து மண்டை தெறிக்குது. ரெண்டு தடவை வாந்தி.”

ஓவர்லாக் டெய்லர் அவர். பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர். மதியம் துணி மூட்டைகளுக்கு நடுவே படுத்துக் கிடந்த நேரத்துக்குக் கூலி இல்லை. வயதுக்கு வந்த நாளிலிருந்தே இந்த வலி உண்டு என்றார். கண்ணாடி மாற்றிப் பார்த்தாயிற்று. சைனஸ் என்று சொல்லி மூக்குக்கு மருந்து விட்டாயிற்று. கடன் வாங்கித் தலையை ஸ்கேன் எடுத்தாயிற்று. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றதும் வீட்டில் ஒரு பேச்சு, கம்பெனியில் ஒரு பேச்சு. வேலைக்கு வராமல் இருக்க இது ஒரு சாக்கு என்று சூப்பர்வைசர் சொன்னதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் உடைந்தது. வலியைப் பற்றிச் சொல்லும்போது உடையவில்லை.

அவர் வாங்கிய அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். எர்காட்டமைன், காஃபின், பாரசிட்டமால், வாந்தியை நிறுத்தும் புரோகுளோர்பெரசின் ஆகிய நான்கும் சேர்ந்த மாத்திரை. மருத்துவரின் சீட்டு இருந்தால் மட்டுமே தர வேண்டியது. இந்த வகை மாத்திரையை மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து சாப்பிட்டால், மாத்திரையே தலைவலியை உண்டாக்க ஆரம்பித்துவிடும். இதை அவருக்கு யாரும் சொன்னதில்லை. கடைக்காரருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவருக்கு வந்திருப்பது மைக்ரேன். நாம் ஒற்றைத் தலைவலி என்று சொல்வது. நோயைக் கண்டுபிடிக்க ஸ்கேன் தேவையில்லை, ரத்தப் பரிசோதனை தேவையில்லை. உட்காரவைத்துச் சில கேள்விகள் கேட்டால் போதும். இத்தனை ஆண்டுகளில் அந்தக் கேள்விகளை ஒருவரும் கேட்கவில்லை என்பதுதான் என் புகார். இது அவர் ஒருவரின் கதை இல்லை.

கர்நாடகத்தில், பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்களும் பங்கேற்று, 18 முதல் 65 வயது வரை உள்ள 2,329 பேரை வீடு வீடாகப் போய் விசாரித்த ஆய்வு ஒன்று உண்டு. ஓராண்டுக்குள் மைக்ரேன் வந்தவர்கள் 25.2 சதவீதம். நான்கில் ஒருவர். உலக சராசரி ஏழில் ஒருவர் என்ற அளவில்தான் இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு வாய்ப்பு. நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். படித்த, ஏசி அறையில் உட்காரும் வர்க்கத்தின் நோய் இது என்று நினைப்பவர்கள் அந்தக் கடைசி விவரத்தை ஒருமுறை நின்று படிக்க வேண்டும். பக்கத்து மாநிலத்து எண்ணிக்கை இது. நம் நிலைமையும் இதிலிருந்து பெரிதாக வேறுபட்டிருக்கும் என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. உலகம் முழுவதும் 15 முதல் 49 வயதுப் பெண்களை முடக்கிப்போடும் நோய்களில் மைக்ரேன் முதலிடத்தில் இருக்கிறது என்று நோய்ச் சுமைக் கணக்கெடுப்புகள் சொல்கின்றன. உயிரை எடுக்காத நோய் என்பதால் கணக்கில் வராமல் போகிறது. ஆனால் ஒரு பெண்ணின் படிப்பும், சம்பாத்தியமும், பிள்ளை வளர்ப்பும் உச்சத்தில் இருக்கும் வருடங்களைத்தான் அது எடுத்துக்கொள்கிறது.

தலைக்குள் என்ன நடக்கிறது

பித்தம் ஏறிவிட்டது, சூடு பிடித்துவிட்டது, மனசு சரியில்லை என்று நாம் சொல்லிவந்த காரணங்களுக்கும் மருத்துவம் சொல்லிவந்த காரணங்களுக்கும் நெடுங்காலம் பெரிய வித்தியாசம் இருந்ததில்லை. 1930-களிலும் 40-களிலும் அமெரிக்க மருத்துவர் ஹரால்ட் வொல்ஃப், மண்டையின் ரத்தக் குழாய்கள் விரிவதால்தான் வலி வருகிறது என்றார். விண்விண் என்று தெறிக்கும் வலிக்கு அந்த விளக்கம் பொருத்தமாகத் தோன்றியதால் அது அரை நூற்றாண்டு தாக்குப்பிடித்தது. இன்றைக்கு நமக்குத் தெரிந்திருப்பது வேறு. மைக்ரேன் மூளையின் நோய். பிறவியிலேயே கூடுதலாகக் கூர்மைப்பட்ட நரம்பு மண்டலத்தின் நோய். 2022-ல் வெளியான ஒரு மரபணு ஆய்வு, மைக்ரேன் உள்ள ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை மற்றவர்களோடு ஒப்பிட்டு, மரபணுத் தொகுப்பில் 123 இடங்களை இதோடு சம்பந்தப்படுத்தியது. அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வருவது இதனால்தான்.

வலி ஆரம்பிப்பதற்குப் பல மணி நேரம் முன்பே நோய் ஆரம்பித்துவிடுகிறது. காரணமில்லாமல் கொட்டாவி வரும், கழுத்து இறுகும், இனிப்பு தின்னத் தோன்றும், எரிச்சல் வரும். தூக்கம், பசி, உடலின் கடிகாரம் ஆகியவற்றைக் கவனிக்கும் ஹைப்போதாலமஸ் பகுதியில் அந்த நேரத்தில் மாற்றம் தெரிவதை மூளைப் படங்கள் காட்டுகின்றன. சாப்பாட்டு நேரம் தள்ளிப்போனாலும், விரதம் இருந்தாலும், நைட் ஷிப்டு மாறினாலும் வலி வருவதற்கு இதில் விளக்கம் இருக்கிறது. மாதவிலக்கை ஒட்டி ஈஸ்ட்ரோஜன் சரியும் நாட்களில் வலி வருவது இன்னொரு வழி. தலைக்குக் குளித்த நாளில் வருகிறது என்று நம் பெண்கள் சொன்னதை மருத்துவர்கள் வெகுநாள் காதில் வாங்கவில்லை. மும்பையின் தலைவலி நிபுணர் கே. ரவிசங்கர் அப்படிப்பட்ட 94 இந்திய நோயாளிகளைப் பதிவு செய்து 2006-ல் சர்வதேச மருத்துவ இதழில் எழுதினார்.

மூன்றில் ஒருவருக்கு வலிக்கு முன் கண்ணில் பூச்சி பறக்கும். வளைந்து நெளியும் வெளிச்சக் கோடு ஒன்று மெல்லப் பெரிதாகிப் பார்வையின் ஒரு பகுதியை மறைக்கும். விரல் நுனியில் ஆரம்பிக்கும் மரமரப்பு முகம்வரை ஏறலாம். ஐந்து நிமிடம் முதல் ஒரு மணி நேரம்வரை இருந்துவிட்டுப் போய்விடும். இதை ‘ஆரா’ என்கிறார்கள். 1944-ல் பிரேசிலைச் சேர்ந்த அரிஸ்டிடெஸ் லியாவ், முயலின் மூளையில் ஒரு மின் அலை எழுந்து, தான் கடந்த இடத்தையெல்லாம் சிறிது நேரம் செயலற்றதாக்கிக்கொண்டே போவதைப் பார்த்து எழுதினார். நிமிடத்துக்கு சுமார் 3 மில்லிமீட்டர். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு கார்ல் லாஷ்லி என்ற உளவியலாளர், தன் கண்ணில் தெரிந்த வெளிச்சக் கோடு நகர்ந்த வேகத்தை அளந்து போட்ட கணக்கும் ஏறத்தாழ அதே 3 மில்லிமீட்டர்தான். இரண்டும் ஒன்று என்று உறுதிப்படப் பல பத்தாண்டுகள் ஆயின.

மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. அதை மூடியிருக்கும் உறைக்குத் தெரியும். அந்த உறையிலும் அதன் ரத்தக் குழாய்களிலும் பரவியிருப்பது முகத்துக்கு உணர்ச்சி தரும் ட்ரைஜெமினல் நரம்பின் கிளைகள். இந்த நரம்புதான் மைக்ரேனின் மையம் என்று 1979-ல் மைக்கேல் மாஸ்கோவிட்ஸ் எழுதினார். தூண்டப்பட்டதும் நரம்பு முனைகளிலிருந்து சிஜிஆர்பி என்ற சிறு புரதம் வெளியேறுகிறது. குழாய்களை விரிக்கிறது, வலிச் செய்தியைக் கூட்டி மூளைத் தண்டுக்கு அனுப்புகிறது. அது நீடித்தால் நரம்புகள் கூசிப்போகின்றன. மிளகாய் அரைத்த கையில் வெதுவெதுப்பான தண்ணீர் பட்டாலே எரிவதுபோல, அதற்கப்புறம் தலைமுடியைச் சீவினால் வலிக்கும், தலையணை பட்டால் வலிக்கும், மூக்குத்தி கனக்கும். வெளிச்சமும் சத்தமும் தாங்காது. வயிறும் அந்த நேரத்தில் வேலை செய்யாமல் நின்றுவிடுவதால், விழுங்கிய மாத்திரை அங்கேயே கிடக்கும், அல்லது வாந்தியில் போய்விடும்.

இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. மைக்ரேனுக்கு மாத்திரையைச் சீக்கிரம் போட வேண்டும்; வலி ஏறி நரம்பு கூசிப்போன பிறகு போட்டால் பாதிப் பலன்கூட இருக்காது. “முடிஞ்ச மட்டும் தாங்கிக்கோ, தாங்க முடியலைன்னா மாத்திரை போடு” என்று வீடுதோறும் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறோம். அந்த அறிவுரை உடம்பு இயங்கும் விதத்துக்கு நேர் எதிரானது. மாறாக, நாள் தவறாமல் மாத்திரை போட்டால் இன்னொரு பக்கத்தில் ஆபத்து. சாதாரண வலி மாத்திரை மாதம் 15 நாள், கலவை மாத்திரையும், மைக்ரேன் வலியை நிறுத்தவென்றே உள்ள டிரிப்டான் வகையும் 10 நாள் என்பதே எல்லை. சீக்கிரம் போட வேண்டும், அடிக்கடி போடக்கூடாது. அடிக்கடி வருகிறவர்களுக்கு வலி வராமல் தடுக்கும் மருந்தைத் தனியே தர வேண்டும். சிகிச்சையின் அடிப்படை இதுதான். இதை ஒரு நோயாளிக்கு விளங்கவைக்கப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடம் நம் ஓபி வரிசையில் கிடைப்பதில்லை.

கைக்கெட்டும் மருந்து, எட்டாத மருந்து

தடுப்பு மருந்துகள் புதியவை அல்ல, விலை கூடியவையும் அல்ல. இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தரும் ப்ரொப்ரனலால் மைக்ரேனைக் குறைக்கிறது என்பது 1960-களில் தற்செயலாகத் தெரியவந்தது. அமிட்ரிப்டிலின், ஃப்ளூனரிசின், டோபிரமேட் என்று இன்னும் சில உண்டு. எல்லாமே வேறு நோய்க்காக வந்து இங்கே பயன்பட்டவை. ஆஸ்துமா உள்ளவருக்கு ப்ரொப்ரனலால் ஆகாது. அமிட்ரிப்டிலின் தூக்கமும் எடையும் கூட்டும். ஆளைப் பார்த்துத்தான் தர முடியும்.

ஒன்றைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். வலிப்புக்குத் தரும் வால்புரோயேட் மருந்தை மைக்ரேனுக்கும் எழுதும் பழக்கம் இன்னும் இருக்கிறது. கர்ப்ப காலத்தில் அதைச் சாப்பிட்ட தாய்க்குப் பிறக்கும் குழந்தைகளில் சுமார் 10-ல் ஒன்றுக்குப் பிறவிக் குறை வருகிறது. மூன்றில் ஒன்றுக்கு மேல் மூளை வளர்ச்சியில் பாதிப்பு வரலாம். கல்யாண வயதுப் பெண்ணின் தலைவலிக்கு, ஒரு வார்த்தை எச்சரிக்காமல் இந்த மருந்தை எழுதுவது மன்னிக்க முடியாதது.

வந்த வலியை நிறுத்த, மைக்ரேனுக்கென்றே உருவாக்கிய முதல் மருந்து சுமாட்ரிப்டான். 1991-ல் விற்பனைக்கு வந்தது. இதயக் குழாய் அடைப்பு உள்ளவர்களுக்கும் பக்கவாதம் வந்தவர்களுக்கும் தரக்கூடாது. மற்றவர்களில் பலருக்கு இரண்டு மணி நேரத்தில் எழுந்து உட்கார வைக்கும். பேடன்ட் காலாவதியாகி, இந்திய கம்பெனிகளே தயாரிக்கின்றன. உலக சுகாதார அமைப்பு 2021-ல் இதைத் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. திருப்பூர்க் கடையில் நின்ற அந்தப் பெண் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. அரசு மருத்துவமனையில் அவருக்குக் கிடைத்தது பாரசிட்டமாலும் ஒரு விட்டமின் மாத்திரையும்.

அடுத்த கட்டத்தில்தான் அறிவியல் பெரிய தாவலை எடுத்தது. வலி வந்திருக்கும் நேரத்தில் நோயாளியின் கழுத்து ரத்தக் குழாயிலிருந்து ரத்தம் எடுத்து, சிஜிஆர்பி கூடியிருப்பதை 1990-ல் பீட்டர் கோட்ஸ்பியும் லார்ஸ் எட்வின்சனும் காட்டினார்கள். டென்மார்க்கின் யெஸ் ஓலெசனின் குழு, மைக்ரேன் உள்ளவர்களின் உடலில் சிஜிஆர்பியைச் செலுத்தினால் வலி வருவதை 2002-ல் காட்டியது. இரண்டு ஆண்டு கழித்து, அதைத் தடுக்கும் மருந்து வலியை நிறுத்துவதையும் காட்டியது. நான்கு பேருக்கும் சேர்த்து, மாஸ்கோவிட்ஸும் அதில் ஒருவர், 2021-ல் மூளை ஆய்வுக்கான ‘பிரெயின் பிரைஸ்’ விருது கிடைத்தது. 2018 மே மாதம் அமெரிக்கா எரெனுமாப் ஊசிக்கு அனுமதி தந்தது. வரலாற்றில் முதல்முறையாக, மைக்ரேனைத் தடுப்பதற்கென்றே, அதன் காரணத்தைத் தெரிந்துகொண்டு செய்த மருந்து. மாதம் ஒரு ஊசி. பரிசோதனையில் கூடிய அளவு மருந்து எடுத்தவர்களில் பாதிப் பேருக்கு வலி நாட்கள் பாதியோ அதற்கு மேலோ குறைந்தன. ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்களில் அப்படிக் குறைந்தவர்கள் நான்கில் ஒருவர்தான். எரெனுமாபைப் போலவே சிஜிஆர்பியின் வேலையைத் தடுக்கும் மாத்திரைகளும் பிறகு வந்தன: ரிமெஜிபன்ட், உப்ரோஜிபன்ட், அடோஜிபன்ட். அமெரிக்கத் தலைவலி மருத்துவர்கள் சங்கம் 2024-ல், பழைய மருந்துகள் தோற்கும்வரை காத்திருக்காமல், வலி வராமல் தடுக்க இந்த வகை மருந்துகளை முதலிலேயே தரலாம் என்று அறிவித்தது.

தேடல் அங்கே நிற்கவில்லை. சிஜிஆர்பியைத் தடுத்தும் குணமாகாதவர்களுக்காக, பிஏசிஏபி என்ற இன்னொரு நரம்புப் புரதத்தைத் தடுக்கும் மருந்தைச் சோதித்தார்கள். 2024-ல் வந்த முடிவின்படி மருந்து எடுத்தவர்களுக்கு மாதத்தில் 6.2 வலி நாட்கள் குறைந்தன, மருந்தில்லாத போலி மருந்து பெற்றவர்களுக்கு 4.2. வித்தியாசம் இரண்டு நாள். இது சிறிது என்று தோன்றினால், பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் ஒருவரிடம் மாதத்தில் இரண்டு நாள் கூலி எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள்.

விலைதான் சுவர். எரெனுமாப் அமெரிக்காவில் அறிமுகமானபோது ஆண்டுக்கு 6,900 டாலர். நம் ஊரில் இந்த வகை மருந்துகள் பெரிய தனியார் மருத்துவமனைகளில் கிடைக்கின்றன. மாதம் ஆயிரக்கணக்கில் கையைவிட்டுப் போகும். மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும். மைக்ரேன் நோயாளி படுப்பது வீட்டு இருட்டறையில்.

சங்கிலி எங்கே அறுகிறது

உலக சுகாதார அமைப்பு 2011-ல் வெளியிட்ட தலைவலி நோய்கள் பற்றிய அறிக்கை, மருத்துவப் படிப்பு முழுவதிலும் தலைவலிக்கு ஒதுக்கப்படுவது உலக அளவில் நான்கு மணி நேரம் என்று சொன்னது. உலகில் ஏழில் ஒருவருக்கு, இங்கே நான்கில் ஒருவருக்கு வரும் நோய்க்கு நான்கு மணி நேரம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காலையில் நூற்றுக்கு மேல் நோயாளி பார்க்கும் இளம் மருத்துவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். அவர் கையில் கொடுத்திருக்கும் நேரமும் மருந்தும் அவ்வளவுதான். நரம்பியல் நிபுணரைப் பார்க்க வேண்டுமென்றால் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறிப் போக வேண்டும். நாடு முழுவதற்கும் நரம்பியல் நிபுணர்கள் சில ஆயிரம் பேர்தான். நான்கில் ஒருவருக்கு வரும் நோயை அவர்கள் மட்டும் பார்த்துத் தீர்க்க முடியாது. இது ஊர் மருத்துவரும் செவிலியரும் பார்க்க வேண்டிய நோய்.

அவர்களால் முடியும். 2003-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் லிப்டன் குழுவினர் மூன்றே கேள்விகளைச் சோதித்தார்கள். கடந்த மூன்று மாதத்தில் தலைவலியால் ஒரு நாளாவது வேலை கெட்டதா? வலியோடு குமட்டல் இருந்ததா? வெளிச்சம் தாங்கவில்லையா? மூன்றில் இரண்டுக்கு ஆமாம் என்றவர்களில் 93 சதவீதம் பேருக்கு மைக்ரேன்தான். இந்த மூன்றைத் தமிழில் கேட்க எம்பிபிஎஸ் வேண்டாம். கூடவே ஆபத்து அறிகுறிகளையும் கேட்டுவிட வேண்டும்: வாழ்நாளில் இல்லாத வலி திடீரென்று இடிபோல வந்ததா, காய்ச்சலும் கழுத்து விறைப்பும் இருக்கிறதா, கை கால் இழுக்கிறதா, பேச்சு குழறுகிறதா, 50 வயதுக்கு மேல் புதிதாக வந்த வலியா, கர்ப்பமா? இதில் ஒன்று இருந்தாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரி. ஸ்கேன் தேவைப்படுவது இவர்களுக்கு. கடன் வாங்கி ஸ்கேன் எடுத்தவர்களில் பலருக்கு அது தேவைப்பட்டிருக்காது.

நமக்கு அமைப்பும் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், தன்னார்வலர்கள் வீட்டு வாசலுக்கு வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தருகிறார்கள். அதே அம்மாக்கள், அதே திண்ணையில் உட்கார்ந்து இந்த மூன்று கேள்வியையும் கேட்டு ஒரு நோட்டில் குறித்தால், எத்தனை வீட்டில் இருட்டறைக்குள் யார் படுத்திருக்கிறார்கள் என்று இந்த மாநிலத்துக்கு முதல்முறையாகத் தெரியும். தெரிந்தால்தான் மருந்து எவ்வளவு வாங்க வேண்டும் என்று கணக்குப் போட முடியும். 1994-ல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மொத்தமாக வாங்கினால் மருந்து விலை எவ்வளவு இறங்கும் என்பதை நாட்டுக்கே காட்டிய நிறுவனம். சுமாட்ரிப்டானும், ப்ரொப்ரனலாலும், அமிட்ரிப்டிலினும், வாந்திக்கான மருந்தும் ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் எந்த நாளிலும் இருப்பில் இருக்க வேண்டும் என்பது அதற்குப் பெரிய சுமை ஆகாது.

புதிய மருந்துகளைப் பொறுத்தவரை, எல்லோருக்கும் இலவசமாகத் தர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மாதத்தில் 15 நாளுக்கு மேல் வலியோடு வாழ்பவர்கள், இரண்டு மூன்று தடுப்பு மருந்தைச் சரியான அளவில் சரியான காலம் எடுத்தும் பலனில்லாதவர்கள் என்று ஒரு வரையறை வைக்கலாம். அவர்களுக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் வழியாக அரசு கொடுக்கட்டும். மொத்தக் கொள்முதலுக்கு ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் கம்பெனி விலையைப் பேச வரும். 2012-ல் சொராஃபெனிப் என்ற புற்றுநோய் மருந்துக்கு மத்திய அரசு கட்டாய உரிமம் தந்தபோது, மாதம் 2.8 லட்சம் ரூபாய் விலை 9,000 ரூபாய்க்குக் கீழே வந்தது. மனம் வைத்தால் விலை இறங்கும்.

கூலியும் குடும்பக் கட்டுப்பாடும்

இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யும் கம்பெனித் தொழிலாளிக்கு நோய்க்கால உதவித்தொகை உண்டு. ஆண்டுக்கு 91 நாள்வரை, கூலியில் 70 சதவீதம். ஆனால் ஒரு முறை நோய் வந்தால் முதல் 2 நாளுக்குப் பணம் கிடையாது என்பது சட்டத்தில் உள்ள விதி. 15 நாளுக்குள் மறுபடி படுத்தால்தான் விலக்கு, அதுவும் முந்தைய முறைக்குத் தொகை வாங்கியிருந்தால். மைக்ரேன் ஒரு முறை வந்தால் 4 மணி முதல் 72 மணி நேரம். பெரும்பாலான வலி ஒன்றிரண்டு நாளில் முடிந்துவிடும். அதாவது, மாதம் தவறாமல் சந்தா கட்டும் ஒரு பெண், மாதம் தவறாமல் இரண்டு நாள் படுத்தாலும் சல்லிக்காசு கிடைக்காது. விட்டுவிட்டு வரும் நோயை மனதில் வைத்து எழுதாத விதி இது. மருத்துவர் சான்றளித்த மைக்ரேன் நோயாளிக்கு, அந்த இரண்டு நாள் காத்திருப்பிலிருந்து விலக்கு வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன் 21 வகைப் பட்டியலில் மைக்ரேனுக்குப் பெயர் இல்லை. ஒவ்வொருவருக்கும் அந்தச் சான்று தேவைப்படாது, ஆனால் மாதத்தில் பாதி நாள் படுத்த படுக்கையாக இருப்பவருக்கு அந்தக் கதவையாவது திறந்து வைக்கலாம்.

கம்பெனிக்குள் செய்யக்கூடியவை இன்னும் எளியவை. கண் கூசாத விளக்கு, நேரத்துக்குச் சாப்பாட்டு இடைவேளை, படுக்க ஓர் இருட்டான மூலை. கழிவறைக்குப் போகக் கேள்வி கேட்பார்கள் என்று நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமலே தைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். வெறும் வயிறும் தண்ணீர்த் தாகமுமே அவர்களுக்கு வலியை இழுத்துவரப் போதும்.

இன்னொன்று, இதை உயிர்ப் பிரச்னையாகவே சொல்கிறேன். அரசு இலவசமாகத் தரும் மாலா-என் கருத்தடை மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது. வலிக்கு முன் கண்ணில் வெளிச்சக் கோடு தெரியும் மைக்ரேன் உள்ள பெண்கள் அந்த வகை மாத்திரையைச் சாப்பிடக்கூடாது, பக்கவாத ஆபத்து கூடும் என்று உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டுதல் சொல்கிறது. மாத்திரை அட்டையைக் கையில் கொடுக்கும் முன் கேட்க வேண்டியது ஒரு கேள்வி: “தலைவலிக்கு முன்னாடி கண்ணுல ஏதாவது மின்னுதாம்மா?” ஆமாம் என்றால், ஈஸ்ட்ரோஜன் சேராத சாயா வார மாத்திரையோ காப்பர்-டியோ அதே சுகாதார நிலையத்தில் இருக்கிறது. பணம் தேவையில்லை, ஆணை ஒன்று போதும்.

மருந்துக் கடைக்கும் ஆணை வேண்டும். பிரிட்டனில் கோடீன் கலந்த வலி மாத்திரைப் பெட்டியில், மூன்று நாளுக்கு மேல் சாப்பிடாதே என்ற எச்சரிக்கை முகப்பிலேயே இருக்கிறது. இங்கே எர்காட்டமைன் கலவை அட்டையிலும் மற்ற கலவை வலி மாத்திரை அட்டையிலும், ‘மாதம் 10 நாளுக்கு மேல் சாப்பிட்டால் தலைவலி அதிகமாகும்’ என்று தமிழில், படிக்கும் அளவு எழுத்தில் அச்சிடச் சொல்வதற்கு என்ன தடை? எர்காட்டமைன் ரத்தக் குழாயைச் சுருக்கும் மருந்து. கர்ப்பிணிக்கும் இதய நோயாளிக்கும் ஆகாது. சீட்டு இல்லாமல் அதை நீட்டுவதை மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் கடை கடையாகப் போய் நிறுத்த வேண்டும். ஆனால் மாற்று மருந்தை அரசு கையில் கொடுக்காமல் இதை மட்டும் நிறுத்தினால், அந்தப் பெண்ணுக்கு இருந்த ஒரே வழியும் போய்விடும். இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. தண்ணீருக்கும் சாலைக்கும் தீர்மானம் போடும் அதே நோட்டில் இதற்கும் போடலாம்: எங்கள் சுகாதார நிலையத்தில் வாரம் ஒரு பிற்பகல் தலைவலிக்கென்று தனி ஓபி வேண்டும். வருகிற ஒவ்வொருவரையும் அந்த மூன்று கேள்வியும் கேட்க வேண்டும். வலி வந்த நாளையும் மாத்திரை போட்ட நாளையும் குறிக்க, சர்க்கரை நோயாளிக்குத் தருவதுபோல ஓர் அட்டை தர வேண்டும். சுமாட்ரிப்டான் இருப்பில் இல்லாத நாளை எழுத்தில் தர வேண்டும். தீர்மானத்தின் நகலை மாவட்ட சுகாதார அலுவலருக்கு அனுப்பி, ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கிராம சபையில் முதல் கேள்வியாக அதையே கேளுங்கள்.